இன்னும் கொஞ்சம் சத்தமாக

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் டீச்சரும் சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூப்பிடுவது போதாதென்று நீயும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டாய். இப்போது கட்டிய புருஷன் எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தானை வெல்டிங் புகைக்குள் நிற்க விடாதே. அந்த இருமல் நல்லதில்லை.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். விஷயம் அளவு, நீளம், அகலம் என்று இருக்கிறது. வாயால் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். அந்தச் சின்னத் திரையில் தட்டித் தட்டி எழுத உனக்கும் வராது, எனக்கும் பிடிக்காது. பதிலையும் கடிதமாகவே போடு.

வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. பெரிய டேங்க், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் உட்காருகிறவளுக்கு முதுகு சாய்த்துக்கொள்ளத் திண்டு. கல்யாணமான புதிதில் டீச்சருக்கு ஒரு பயணம் சொல்லியிருந்தேன், கடற்கரை ஓரமாகவே பதினெட்டு நாள். இருபத்து நாலு வருஷம் தள்ளிப்போட்டாயிற்று. இந்த ஏப்ரல் விடுமுறையில் போகிறோம்.

ஒரே குறை சைலன்சர். கம்பெனி சைலன்சரில் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. போன வாரம் நாற்சந்தியில் எஞ்சின் அணைந்துபோனது தெரியாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நின்றவர் இறங்கி வந்து தோளைத் தட்டி, "சார், வண்டி எப்பவோ செத்துப்போச்சு" என்றார். வண்டி இவ்வளவு ஊமையாக இருந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

கடைகளில் விசாரித்தேன். பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றலாம் என்கிறான் ஒருவன். எஞ்சினிலிருந்து வரும் வளைகுழாயோடு சேர்த்து மாற்றினால்தான் சத்தம் எடுக்கும் என்கிறான் இன்னொருவன். டைட்டானியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று வேறு ஒரு சண்டை. ஆளுக்கொரு வீடியோவைப் போட்டு, "சத்தத்தக் கேளுங்க சார், சும்மா அதிருதில்ல" என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

சைலன்சர் பட்டறை வைத்திருக்கும் அக்காவை விட்டுவிட்டு நான் எதற்குக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும்? நீயே ஒன்று செய்து கொடு. நல்ல சத்தமாக.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 21

சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, என்னோடு குடித்தனம் நடத்துகிறது. அத்தானுக்கு இருமல் பரவாயில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருப்பது தெரிந்து சந்தோஷம்.

டீச்சரைக் கட்டிக்கொள்ள நீ பத்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு குழாய்க்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் தம்பி வண்டி வாங்கினானா, வண்டி அவனை வாங்கிடுச்சா" என்று கேட்கிறார்.

இருபத்தாறு வருஷமாகக் குழாய் வளைக்கிறவள் சொல்கிறேன், கேள். சத்தம் முதல் பத்து நிமிஷத்துக்குத்தான் இனிக்கும். நாள் முழுக்க ஒரே வேகத்தில் போகும்போது அது மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம் போடும். சாயங்காலம் இறங்கும்போது தலைவலி மாத்திரை தேடுவாய். தூரம் போகிறவனுக்கு நல்ல சைலன்சர் என்றால், கிளம்பி ஒரு மணி நேரத்தில் அது இருப்பதே மறந்துபோக வேண்டும். முழுதாக மாற்றாதே. பிறகு எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல் அளவையும் திருத்த வேண்டி வரும். நடு வழியில் மக்கர் செய்தால் யாரிடம் போய் நிற்பாய்? பின்பக்கம் மட்டும் போதும். டைட்டானியம் பந்தயக்காரர்களுக்கு. இரண்டு பெட்டியையும் டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போகிறவன் ஒன்றரைக் கிலோ மிச்சம் பிடித்து என்ன சாதிக்கப் போகிறாய்?

வலது பெட்டிக்கும் குழாய்க்கும் எத்தனை விரல் இடைவெளி என்று அளந்து எழுது. டீச்சர் கால் வைக்கும் கட்டையிலிருந்து குழாய் எவ்வளவு தள்ளி என்பதும் வேண்டும். சூடு பட்டு அவள் கால் பொத்துப்போனால் என்னைத்தான் திட்டுவாள்.

போன ஞாயிறு போனில் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? "மத்தியானம் என்னடா சாப்பிட்ட" என்று கேட்டேன். "ஆமாக்கா, ஞாயித்துக்கிழமைதான்" என்றாய். நானும் அத்தானும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கே பராக்குப் பார்க்கிறாய்?

டீச்சருக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அளவுகளைத் தனித் தாளில் வரைந்து இணைத்திருக்கிறேன். பெட்டிக்கும் குழாய்க்கும் நாலு விரல். கட்டையிலிருந்து ஒரு சாண். பின்பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்று நீ சொன்னதற்குச் சரி. ஸ்டீலுக்கும் சரி. சத்தத்துக்கு மட்டும் சரி சொல்ல முடியாது. கியர் மாற்ற வேண்டிய நேரம் வண்டி சொல்லித்தானே தெரிய வேண்டும்? இப்போது முள்ளைப் பார்த்துப் பார்த்து மாற்றுகிறேன். சாலையைப் பார்ப்பதா, முள்ளைப் பார்ப்பதா?

ஒரு சின்னச் செய்தி. கோர்ட்டில் எனக்கு வேலை மாற்றியிருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதியாயிற்று, இனி ஆவண அறையில். சாட்சி சொல்ல வருகிறவர்கள் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள். போன மாதம் ஒருவர் "எடுத்தேன்" என்று சொன்னதை நான் "கொடுத்தேன்" என்று எழுதிவிட்டேனாம். வக்கீல் பெரிதாகக் குதித்தார். நீதிபதி நல்லவர், என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டு நெடுநேரம் ஏதோ சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் உத்தரவு வந்தது. ஆவண அறை நல்ல இடம். நாலு சுவர், அலமாரிகள், ஒரு மின்விசிறி. யாரும் பேச வர மாட்டார்கள்.

பார்சலை வீட்டு விலாசத்துக்கே அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 20

சின்னவனுக்கு,

நாங்கள் சௌக்கியம். உங்கள் நலத்துக்கு எழுது.

பார்சல் நாளை கிளம்புகிறது. வேலை மாற்றத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ சுருக்கெழுத்துக்கு மெடல் வாங்கிய நாளில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். ஓய்வு நல்லதுதான் என்று அத்தான் சொல்கிறார். அப்படியே வைத்துக்கொள்வோம்.

சைலன்சருக்கு வருகிறேன். உள்ளே முழுக்க ஓட்டை போட்ட ஒரு குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் ஸ்டீல் உறை. வாய்ப்பக்கம் ஒரு திருகில் சின்னக் குழாய் ஒன்று மாட்டியிருக்கும், அதுதான் பேஃபிள். சத்தத்தை அடக்குவது அதுவும் பஞ்சும்தான். கழற்றாதே. டீச்சரின் கால் பக்கம் சூடு தடுக்கத் தகடு வைத்திருக்கிறேன். பற்றவைத்த தையலைத் தடவிப் பார், மேடு பள்ளம் தட்டாது. மூன்று நாள் என் கையாலேயே செய்தேன்.

கம்பெனிக் குழாயைவிட நிச்சயமாக ஒரு சுற்று கனத்த சத்தம். பட்டறையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்குங்க இந்த யானை" என்றார். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது டீச்சரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள். அவள் முகம் எப்படி ஆகிறது என்று எழுது.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் தேவலையா? இங்கே எல்லாம் வழக்கம்போல.

குழாய் கண்ணாடி மாதிரி இருக்கிறது. உன் கை வேலைக்கு நான் என்ன குறை சொல்ல? தையலைத் தடவிப் பார்த்தேன், விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. ஆனால் அக்கா, இதுவும் ஊமைதான். மாட்டி, ஸ்டார்ட் செய்து, காத்துக்கொண்டு நின்றேன். டீச்சர் "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள். என்னைச் சந்தோஷப்படுத்த அப்படிச் செய்தாள் போலிருக்கிறது.

பேஃபிளைக் கழற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை. பஞ்சு இல்லாமல், பேஃபிள் இல்லாமல், நேராக ஒரே குழாயாகச் செய்ய முடியாதா? திறந்த குழாய் கூடாது என்று நீ சொல்வாய், தெரியும். ஊரெல்லாம் இளவட்டங்கள் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், நான் ஒருவன் போட்டால் என்ன?

உன்னிடம் நான் எதையும் பிடிவாதமாகக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். வண்டியில் உட்காரும்போது மட்டும்தான் இப்போதெல்லாம் எனக்கு மனது கொஞ்சம் சரியாக இருக்கிறது. அந்த வண்டியும் பேச மாட்டேன் என்றால் எப்படி? இன்னும் கொஞ்சம் சத்தமாக, அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 19

சின்னவனுக்கு,

நலம். நீ கேட்டபடியே செய்துவிட்டேன்.

அத்தான் வேண்டாம் என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "அவன் கேட்டா நீ செஞ்சுடுவியா? தூரம் போற வண்டிக்கு இதை மாட்டுற ஆள நான் பார்த்ததில்ல" என்றார். பேஃபிள் ஒன்றைத் தனியாகத் துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். ஊருக்குள் போகும்போதாவது மாட்டிக்கொள்.

போன வாரம் ஏனோ அப்பா ஞாபகம் வந்தது. கடைசி வருஷங்களில் ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவாரே. நாம் இரண்டு பேரும் வாயை மட்டும் அசைத்து அவரிடம் பேசுவது போல நடிப்போம். அவரும் பதில் சொல்வார். ஓடிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்து சிரிப்போம். உனக்கு எட்டு வயது இருக்கும். எனக்குப் பதினாலு. எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும்.

குழாயில் கை வைக்கும் முன் வேறு என்னென்னவோ எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நீ எழுத ஏதாவது இருந்தால் எழுது.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் ஆயிரம் வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கிடைத்தது அக்கா. கடைசியில் கிடைத்துவிட்டது.

நேற்று மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. தொடையில், கைப்பிடியில், பல்லில்கூட அது ஓடுகிறது. மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்குப் போகும்போது குரல் மாறுகிறது, முள்ளைப் பார்க்காமலே தெரிகிறது. ஏரியைச் சுற்றி நாலு தடவை போய்விட்டு வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காற்றுதான் என்று டீச்சரிடம் சொன்னேன்.

மாடி வீட்டுக்காரர் வந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சண்டை போட்டார். டீச்சர் சமாதானம் செய்து அனுப்பினாள். கண்ணாடி இரண்டும் அதிர்ந்து பின்னால் வருவது கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது, பழகிவிடும். வண்டியில் போகும்போது பேச முடியாது என்பதால் டீச்சரும் நானும் ஒரு பாஷை வைத்துக்கொண்டோம். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. உன் தம்பி பொண்டாட்டிக்கு இருபத்து நாலு வருஷம் கழித்து என்னை அடக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது.

பத்தாம் தேதி கிளம்புகிறோம். போகிற ஊரிலிருந்தெல்லாம் எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். ஞாபகம் இருக்கிறது.

தம்பி


மே 8

சின்னவனுக்கு,

எங்கே இருக்கிறாய்? எப்படி இருக்கிறாய்? ஏப்ரல் இருபத்தெட்டுக்கே திரும்பியிருக்க வேண்டும். ஒரு வரி வரவில்லை. உன் போன் அணைந்து கிடக்கிறது. டீச்சர் எடுத்து, "நல்லா இருக்கோம் அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். அவள் குரல் எனக்குத் தெரியாதா?

அடி பட்டிருந்தால் சொல்லிவிடு. என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய்?

அக்கா


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

நான்தான் எழுதுகிறேன். நீங்கள் எழுதியதை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். எங்கள் இருவருக்கும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் காலை, பதினொரு மணி இருக்கும். கழிமுகத்துக்கு மேலே மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பாலம். பாதிப் பாலத்தில் பழுது வேலை நடந்ததால் மீதிப் பாதியில் ஒரு வண்டி அகலம்தான் வழி, இரண்டு பக்கமும் காங்கிரீட் தடுப்பு. ஒரு பக்கத்து வண்டிகளை விட்டு, பிறகு மறுபக்கத்தை விடுவார்கள். எங்கள் பக்கத்தில் கடைசியாக விட்டது எங்களைத்தான். முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள். இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனார். கால் பங்கு தூரம் போனபோது பின்னால் ஆம்புலன்ஸ்.

நான் ஒரு தட்டு தட்டினேன், பிறகு இரண்டு தட்டு, பிறகு எத்தனை தட்டினேன் என்று தெரியாது, வண்டியின் அதிர்வில் மெதுவாகப் போகச் சொல்கிறேன் என்றே எடுத்துக்கொண்டார். ஒதுங்க இடம் நடுவில் ஓரிடத்தில் இருந்தது, அண்ணி. அதைக் காட்டிக் கையை நீட்டினேன். அங்கே நாரைகள் நின்றுகொண்டிருந்தன. நான் அவற்றைக் காட்டுகிறேன் என்று நினைத்தார். தலையாட்டிவிட்டு எனக்காக வேகத்தை இன்னும் குறைத்தார். நான் கத்தினேன். அந்தக் குழாய்ச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆம்புலன்ஸ் முன்கண்ணாடிக்குள் டிரைவர் ஒரு கையால் தலையில் அடித்துக்கொள்கிறார். பக்கத்தில் ஒரு பெண் முன்னால் குனிந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் படுத்திருப்பவரிடம் திரும்பி ஏதோ சொல்வாள், மறுபடியும் எங்களைப் பார்ப்பாள். பாலம் முடிய ஒன்பது நிமிஷம்.

முடிந்ததும் அது எங்களை உரசிக்கொண்டு போனது. இவர் திடுக்கிட்டு, "இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த ஊரில் போலீஸ் நிறுத்திவிட்டார்கள். படுத்திருந்தவர் தச்சர், முப்பத்து நாலு வயது. மின்ரம்பம் தொடையில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரை உயிர் இருந்திருக்கிறது. அந்த ஒன்பது நிமிஷத்தால்தான் என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இவருக்குக் காது போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அண்ணி. கடைக்குப் போனால் அவருக்குப் பதில் நான் பேசுவேன். ஆள் பேசும்போது வாயைப் பார்த்துச் சமாளிப்பார். மிஷின் வாங்கலாம் என்றால், "அப்பா மாதிரி ஆக்கிடாத" என்பார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்னால் நீங்கள் அந்தக் குழாயைச் செய்து தர மாட்டீர்கள் என்று அவருக்குப் பயம். நானும் சொல்லவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

உங்களையும் அண்ணனையும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் டீச்சர்


மே 30

சின்னவனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை.

டீச்சர் எழுதியதைப் படித்தேன். நீ என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்து அதற்கும் சேர்த்து வருந்திக்கொண்டிருப்பாய். அந்தப் பாரம் உனக்கு வேண்டாம். எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்று நீ சொன்னபோது சிரித்தேன் என்று எழுதினேனே, அன்றைக்கே தெரியும். சிரித்து முடித்ததும் அத்தான், "அவனுக்குக் காது கேக்கலையோ" என்றார். நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டாள் என்று நீ எழுதிய பிறகு சந்தேகத்துக்கும் இடமில்லை. நான் கிழித்துப் போட்ட தாளில் அதைத்தான் கேட்டிருந்தேன். கிழித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் உனக்குக் குழாயை வெட்ட ஆரம்பித்தேன்.

ஏன் என்று கேட்டால் என்னிடம் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கேட்டால் நீ கூசிப்போவாய் என்று நினைத்தேன். அப்பாவைப் பார்த்துச் சிரித்தவள் நான், நான் போய் உன்னிடம் எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். ஒரு குழாயால் என் தம்பி சந்தோஷமாக இருப்பான் என்றால் இருக்கட்டுமே என்று நினைத்தேன். சாலையில் வேறு மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு அது தோன்றவில்லை.

விசாரணைக்கு நானும் வருகிறேன். குழாய் செய்தது நான் என்று சொல்கிறேன். தேதியை எழுது.

அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? தேதியை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீ வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

விசாரணை முடிந்துவிட்டது. லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அபராதம். சிறை இல்லை. எனக்குக் காது கேட்காது என்று டாக்டர் சான்று கொடுத்ததால் கேள்விகளை ஒரு குமாஸ்தா தாளில் எழுதி எழுதிக் காட்டினார். நான் பதில் சொன்னேன். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. மெதுவாகப் பேசச் சொல்லி நீதிபதி இரண்டு தடவை கையைத் தாழ்த்திக் காட்டினார். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பெண் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமல் எழுதினாள். நல்ல வேகம்.

பிறகு தச்சரின் மனைவியைக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் பேசினார். என்னைப் பார்த்தும் பேசினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அவர் அழவில்லை. டீச்சர் என் பக்கத்தில் அழுதாள். வெளியே வந்து, "என்ன சொன்னாங்க" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். இன்று வரை சொல்லவில்லை.

போன வாரம் சாட்சியங்களின் நகல் தபாலில் வந்தது. அவர் சொன்னபடியே தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதில் ஒரு இடத்தை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"பாலத்து மேல வண்டி ஊர்ந்துச்சு. அவர் கண்ணத் தொறந்து, ஏன் நிக்குதுன்னு கேட்டார். நிக்கலீங்க, முன்னாடி ஒரு மோட்டார் சைக்கிள் போகுது, வழி விட மாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். யாருன்னு கேட்டார். வயசானவங்க ரெண்டு பேரு, புருஷன் பொண்டாட்டி போலன்னேன். சரி, போகட்டும் விடு, நமக்கென்ன அவசரம்னார். எப்பவும் அப்படித்தான் சொல்வார். அதுக்கப்புறம் பேசல."

அக்கா, அந்தத் தச்சர் என்னைத் திட்டியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் திட்டியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

வண்டி அந்த ஊர் போலீஸ் வளாகத்திலேயே நிற்கிறது. எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் போகவில்லை. டீச்சர் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். சமையலறையில் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் தோள் அசைவதைப் பார்த்தால் பேசுகிறாள் என்று தெரிகிறது. என்னிடம்தான் பேசுகிறாளா என்று தெரியவில்லை. நானும் கேட்பதில்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்காருகிறேன். நகலின் தலைப்பில் விலாசம் இருக்கிறது, கீழே குறித்திருக்கிறேன். அது வந்த நாளிலிருந்து உட்காருகிறேன். அன்புள்ள என்று எழுத முடியாது. சுகமா என்று கேட்க முடியாது. கேட்காமல் எப்படி ஒரு கடிதத்தை ஆரம்பிப்பது? இருபத்தெட்டு வருஷம் மற்றவர்கள் சொன்னதை எழுதியே பழகியவன் நான். நீ சொல். நீ சொன்னால் எழுதிவிடுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

சின்னவனுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாததால் நேரில் போய்விட்டேன்.

உன்னிடம் கேட்காமல் போனது தப்பாக இருக்கலாம். அத்தானிடம் குழாய்த் தகடு பார்க்கப் போவதாகச் சொன்னேன். இரண்டு பஸ் மாறி நாலு மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டே போனேன். நான்தான் குழாய் செய்தேன். அவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தே செய்தேன். இவ்வளவுதான். நீளமாக ஒன்றும் இல்லை.

தெருக்கோடியில் ஓட்டு வீடு. வாசல் தாழ்வாரத்தில் செதுக்கி முடிக்காத நாலு கதவுச் சட்டங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. யாரோ அவற்றின் மேல் துணி காயப் போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அவள்தான் வந்தாள். நான் மனதில் வைத்திருந்ததைவிட ரொம்பச் சின்னப் பெண். கையில் சோப்பு நுரை.

"யாருங்க வேணும்?" என்று கேட்டாள்.

அவ்வளவையும் மனப்பாடம் செய்துகொண்டு போனவள், "வீடு மாறி வந்துட்டேன்மா" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்த வீட்டுக்கு வந்தீங்க, நான் காட்டறேன்" என்றாள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லையேங்க" என்றாள். என் காலைப் பார்த்தாள். "ரொம்ப தூரம் நடந்தீங்களா? நொண்டுறீங்களே" என்றாள். நாற்காலி கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்தேன். குடித்து முடித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் தானாகவே, "இது எங்க வீட்டுக்காரர் செஞ்ச நாற்காலி, சாஞ்சு உக்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

சாய்ந்து உட்கார்ந்தேன், சின்னவனே. அவன் செய்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். வழி சொன்னால் புரியாது என்று கதவைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தாள். என் நடைக்காக மெதுவாக நடந்தாள். பஸ் வரக் கால் மணி ஆயிற்று. போய்விடும்மா, வேலை கெடும் என்றேன். "எனக்கென்ன வேலை" என்று நின்றாள். படியேறும்போது முழங்கைக்குக் கீழே கை கொடுத்து ஏற்றிவிட்டாள். "பார்த்துப் போங்க" என்றாள். அவள் நின்ற பக்கம் ஜன்னல் ஓரம் இடம் இருந்தது. நான் அந்தப் பக்கம் உட்காரவில்லை.



அக்கா